ரத்துப் பிரிவில் லாவ்ரா

போன் பேசுகிற காதுக் கருவியின் பஞ்சு கிழிந்து, உள்ளேயிருந்த பிளாஸ்டிக் வளையம் எர்மீராவின் இடது காதை அறுத்துக்கொண்டிருந்தது. கைக்குட்டையை நான்காக மடித்து அதற்குள் செருகியிருந்தாள். அல்பேனியாவின் துர்ரஸ் துறைமுகத்துக்குப் பின்புறம், டயர் கடைக்கு மேலே இருந்தது அந்த அறை. ஜன்னலைத் திறந்தால் டயர் கழற்றும் சத்தம் தொலைபேசி வழியாக இத்தாலிக்குப் போய்விடும் என்று எப்போதும் மூடியே வைத்திருந்தார்கள். மூடிய அறையில் முப்பது பேரின் வியர்வையும், யாரோ மேசைக்கடியில் வைத்துத் தின்ற வெங்காயம் வைத்துச் சுட்ட பைரெக் ரொட்டியின் வாசனையும் சுற்றிச் சுற்றி வந்தன.

முன்வரிசைகளில் இருந்தவர்கள் இத்தாலிய வீடுகளுக்குப் போன் செய்து, குழாய்த் தண்ணீரை இலவசமாகப் பரிசோதிக்க ஆள் வருவார் என்று சொல்லி நேரம் வாங்கினார்கள். அப்படிப் போகிற ஆள் சமையலறைத் தொட்டிக்கு அடியில் பொருத்துகிற சுத்திகரிப்பு மெஷின் ஒன்றை விற்றுவிட்டு வருவான். வாங்கியவர்கள் மறுநாளோ மறுவாரமோ வேண்டாம் என்று கூப்பிட்டால், அந்த அழைப்பு கடைசி வரிசைக்கு வரும். அந்த வரிசைக்கு ரத்துப் பிரிவு என்று பெயர். போனில் எர்மீராவுக்குப் பெயர் லாவ்ரா. இத்தாலியின் பாரி நகரத்தில் ஒன்பது வருஷம் முதியவர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டி வேலை பார்த்தவள். அவள் பேசுகிற இத்தாலிய மொழியில் அந்த ஊரின் இழுவை அப்படியே இருந்தது. "தெற்குப் பக்கத்து ஆளுங்களுக்குப் பக்கத்து வீட்டுப் பொண்ணு பேசுற மாதிரி இருக்கும்" என்று சொல்லித்தான் மேற்பார்வையாளன் கஸ்த்ரியோத் அவளைக் கடைசி வரிசையில் உட்காரவைத்தான்.

"வணக்கம், லாவ்ரா பேசுறேன். சொல்லுங்க."

"லாவ்ராவா? ஏம்மா, எம் பேரு நுன்சியாத்தா. இங்க பள்ளிக்கூடத்துல சமையல் பண்றேன். நீங்க குடுத்துட்டுப் போன அந்தத் தண்ணி மெஷின் எனக்கு வேணாம். வந்து எடுத்துட்டுப் போங்க."

"என்னம்மா ஆச்சு? மெஷின்ல ஏதாவது கோளாறா?"

"கோளாறு மெஷின்ல இல்ல. என் மண்டையில. வந்தவன் கழுத்துல அட்டை மாட்டியிருந்தான். தண்ணி ஆபீஸ்ல இருந்து வந்திருக்கான்னு நினைச்சு உள்ள விட்டேன். ரெண்டு கம்பியை என் வீட்டுத் தண்ணில விட்டான். காப்பி மாதிரி ஆயிடுச்சு. இதையா பேரப்புள்ளைக்குக் குடுக்குறீங்கன்னு கேட்டான். எனக்கு அழுகையே வந்துடுச்சு. கையெழுத்துப் போட்டுட்டேன். சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து, முப்பது வருஷமா இந்தத் தண்ணியைத்தான்டி குடிக்கிறோம், யார் செத்துப்போனான்னு கத்துறார்."

அந்தக் கம்பிகளை எர்மீராவுக்குத் தெரியும். பயிற்சியின்போது பாரியில் இருக்கும் கம்பெனியிலிருந்து வந்தவர் இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் செய்து காட்டியிருந்தார். குழாய்த் தண்ணீரில் மின்சாரம் ஓடி, இரும்புக் கம்பி கரைந்து பழுப்பாகும். அவர்கள் மெஷினிலிருந்து வருகிற தண்ணீரில் உப்புச் சத்தே இல்லாததால் எதுவும் ஆகாது. பிறகு அவர் சிரித்துக்கொண்டே அந்தத் தெளிந்த தம்ளரிலும் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டார். அதுவும் காப்பியாக மாறியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

எர்மீரா எதிரே ஒட்டியிருந்த தாளைப் பார்த்துப் பேசினாள். "கவலையே படாதீங்கம்மா. ரத்து பண்ணிடலாம். அதுக்கு முன்னால எங்க மெக்கானிக் வந்து மெஷினைப் பார்த்து ஒரு சான்று குடுக்கணும். அடுத்த வாரம் வியாழக்கிழமை அனுப்புறேன். அதுவரைக்கும் நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்."

"ஒண்ணும் செய்ய வேணாமா?"

"ஒண்ணும் வேணாம். நான் பார்த்துக்கறேன்."

"கடவுள் உன்னை நல்லா வைக்கட்டும், மகளே."

இணைப்பு அறுந்தது. பக்கத்து நாற்காலியிலிருந்த தெயூத்தா கையால் கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்டினாள்.

படிக்கட்டில் நின்று இருவரும் காகிதக் கோப்பையில் காப்பி குடித்தார்கள். தெயூத்தா சிகரெட்டைப் பற்றவைத்தாள்.

"எந்த வியாழன் சொன்ன?"

"அடுத்த வாரம்."

"அன்னைக்கு அந்தம்மாவுக்கு எத்தனாவது நாள்?"

"பதிமூணு."

"மெக்கானிக்குக்கு அன்னைக்குக் காய்ச்சல் வரும். மறுநாள் வண்டி பஞ்சராகும். அப்புறம் சனி, ஞாயிறு." தெயூத்தா புகையை விட்டாள். "வீட்டுக்கு வந்து விக்கிற பொருளைப் பதினாலு நாளுக்குள்ள காரணமே சொல்லாம திருப்பிக் குடுக்கலாம்னு அந்த ஊர்ல சட்டம் போட்டிருக்கான். எவ்வளவு அக்கறை பாரு! நம்ம சம்பளம் நின்னு ரெண்டு மாசம் ஆச்சு. அதுக்கு எத்தனை நாள்னு எவனாவது சட்டம் போட்டானா?"

"கஸ்த்ரியோத் வெள்ளிக்கிழமை வரும்னான்."

"எந்த வெள்ளிக்கிழமைன்னு கேட்டியா? அவன்தான்டி நமக்கு ரத்துப் பிரிவு."

எர்மீரா சிரித்தாள். காப்பி மூக்கில் ஏறிக்கொண்டது. வீட்டில் அவள் கணவன் பெத்ரித் துறைமுகத்தில் மூட்டை தூக்கி இடுப்பு பிசகி, குளிர்காலம் முழுக்கச் சுவரோரம் படுத்துக் கிடந்தான். மகளின் பற்களுக்குக் கம்பி கட்டிய வைத்தியர் பாதியில் நிறுத்திவைத்திருந்தார். மீதிப் பணம் கட்டினால்தான் இறுக்குவார். கம்பி தளர்ந்து அவளுடைய உள்கன்னத்தைக் குத்திக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை மாலை நுன்சியாத்தா மறுபடி கூப்பிட்டாள். ரத்துப் பிரிவில் நான்கு பேர் இருந்தும் அழைப்பு எர்மீராவுக்கே வந்து விழுந்தது.

"லாவ்ராவா? ஒருத்தனும் வரலம்மா. காலையில இருந்து வாசலைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன். வேலைக்கு லீவு போட்டேன், அதுல ஒரு நாள் கூலி போச்சு."

"மன்னிச்சுக்கங்கம்மா. மெக்கானிக்குக்கு உடம்பு..." எர்மீரா பாதியில் நிறுத்தினாள். தாளில் அடுத்த வரி தடித்த எழுத்தில் இருந்தது. கஸ்த்ரியோத் முன்வரிசையில் யாரிடமோ குனிந்து பேசிக்கொண்டிருந்தான். அவள் கைக்குட்டையைச் சரிசெய்வதுபோல் வாயருகே கையைக் குவித்துக்கொண்டாள்.

"அம்மா, உங்க ஊர்ல தபால் ஆபீஸ் எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்?"

"எதுக்கு?"

"இப்பவே போங்க. மெஷின் வேணாம், ஒப்பந்தத்தை ரத்து பண்றேன்னு ரெண்டு வரி எழுதிப் பதிவுத் தபால்ல போடுங்க. ரசீதைப் பத்திரமா வச்சுக்கங்க. மெக்கானிக்குக்காகக் காத்திருக்காதீங்க. நாளையோட கெடு முடியுது."

நுன்சியாத்தாவின் குரல் மாறியது.

"போன வாரம் ஒண்ணும் செய்யாதேன்னது நீதானே?"

"ஆமா."

"நீதானே? இதே குரல்தானே?"

"நான்தாம்மா."

"இப்ப எழுதிப் போடுங்கற. இதுல என்ன தந்திரம்? எழுதிப் போட்டா இன்னொரு மெஷின் அனுப்புவீங்களா?"

"தந்திரம் இல்ல. தயவுசெஞ்சு போங்க."

"எங்கம்மா மேல சத்தியமா, உன்னை எங்கயாவது பார்த்தேன்னா, குழம்புக் கரண்டியாலயே அடிப்பேன்."

அவள் வைத்துவிட்டாள். எர்மீரா காதுக் கருவியைக் கழற்றித் துடைத்தாள். கைக்குட்டையில் சிறு பொட்டாக ரத்தம் இருந்தது.

அடுத்த வாரம் கஸ்த்ரியோத் அவளைக் கண்ணாடித் தடுப்புக்குள் கூப்பிட்டான். முப்பது வயதுக்காரன். காரியம் ஆக வேண்டுமென்றால் அக்கா என்பான், கோபமென்றால் லாவ்ரா என்பான். கணினியில் பதிவை ஓடவிட்டான். "இப்பவே போங்க" என்று அவளுடைய குரல், கையைக் குவித்திருந்தும், துல்லியமாகக் கேட்டது.

"லாவ்ரா, இது யாரு?"

"நான்தான்."

"அந்தப் பொம்பளை அன்னைக்கே தபால் போட்டுட்டா. அவ மட்டும் போட்டா பரவாயில்ல. அதே தெருவுல, அதே பள்ளிக்கூடத்துல வேலை பார்க்குறவங்க வீட்டுலயெல்லாம் அதே ஆள் வித்திருக்கான். அத்தனை பேரையும் இழுத்துட்டுப் போய் எழுத வச்சிருக்கா. நுகர்வோர் சங்கம்னு ஒண்ணு அங்க இருக்கு. அங்கயும் போயிருக்கா. பாரியில இருந்து போன் மேல போன்."

"நான் சொன்னது பொய்யா?"

"பொய்னு நான் சொன்னேனா?" அவன் நாற்காலியில் சாய்ந்து கண்களைக் கசக்கினான். "சட்டம்தான். தாள்ல இல்லாத சட்டம். உங்களைத் துரத்தச் சொன்னாங்க. பொம்பளை, வீட்டுல நோயாளின்னு நான்தான் பேசி நிறுத்தியிருக்கேன். இந்த மாச ஊக்கத்தொகை கிடையாது. நாளையில இருந்து முன்வரிசை."

"அங்க நான் என்ன பேசணும்?"

"தண்ணியைப் பரிசோதிக்க ஆள் வருவாங்கன்னு பேசணும். வேறென்ன?"

மறுநாளிலிருந்து அவள் முன்வரிசையில் உட்கார்ந்து, மதியத் தூக்க நேரத்தில் கிழவிகளை எழுப்பினாள். சிலர் திட்டினார்கள். சிலர் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் பூனையைப் பற்றிச் சொன்னார்கள். நேரம் கொடுத்தவர்களின் முகவரியை அவள் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தாள்.

கோடை தொடங்கியபோது அழைப்புகள் குறைந்தன. இத்தாலியில் கம்பெனிக்கு அபராதம் போட்டுவிட்டார்கள் என்று பேச்சு வந்தது. கழுத்து அட்டை, கம்பிச் சோதனை, மெக்கானிக் வருவார் என்ற சாக்கு என எல்லாமே தீர்ப்பில் இருப்பதாகத் தெயூத்தா தன் போனில் படித்துக் காட்டினாள். வாங்கியவர்களுக்கெல்லாம் பணத்தைத் திருப்பித் தர உத்தரவு.

"'தொலைபேசி ஊழியர்கள் தங்கள் விருப்பப்படி தவறான தகவல் கொடுத்தார்கள்'னு கம்பெனி வாதாடியிருக்காம்" என்றாள் தெயூத்தா. "கேட்டியா? நம்ம விருப்பமாம். நீயும் நானும் விருப்பப்பட்டுத்தான் அந்தத் தாளை எழுதி எதிர்ல ஒட்டினோமாம்."

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எர்மீராவின் பக்கம் திரும்பினாள். "எல்லாம் இவங்களாலதான். நல்லவங்களா இருக்கணும்னா வீட்டுல இருக்கணும். எங்க பொழைப்புல ஏன் கை வைக்கணும்?"

"நீ இருடி, உனக்கும் ஒரு நாள் தண்ணி காப்பியாகும்" என்று தெயூத்தாதான் அவளை அடக்கினாள்.

ஒரு திங்கட்கிழமை அவர்கள் வந்தபோது கணினிகளைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள். டயர் கடை வாசலில், பாரியிலிருந்து கப்பலில் வந்த லாரி நின்றது. அதிலிருந்து வெள்ளைப் பெட்டிகளைத் தூக்கிப் படிக்கட்டின் அடியில் அடுக்கினார்கள். எல்லாமே திறந்து மறுபடி ஒட்டப்பட்ட பெட்டிகள். சிலவற்றில் யாரோ வீட்டுச் சமையலறையின் எண்ணெய்க் கறை இருந்தது.

கஸ்த்ரியோத் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பேசினான். "கம்பெனி கணக்கை முடக்கிட்டாங்க. பணமாத் தர வழியில்ல. பாக்கிச் சம்பளத்துக்கு ஈடா ஆளுக்கு ரெண்டு மெஷின். இத்தாலி விலை போட்டுப் பார்த்தா உங்களுக்கு வரவேண்டியதை விட அதிகம். மிச்சத்தை நீங்க திருப்பித் தர வேணாம்னு சொல்லிட்டாங்க."

"அப்ப நாங்க கம்பெனிக்குக் கடனா?" என்றாள் தெயூத்தா. "எவ்வளவு பெரிய மனசு! கஸ்த்ரியோத், இந்த மெஷின் எனக்கு வேணாம். ரத்து பண்ண யாருக்குப் போன் பண்ணணும்? லாவ்ராவுக்கா?"

சிலர் சிரித்தார்கள். ஒருத்தி அழ ஆரம்பித்தாள்.

"என் வீட்டுக்கும் ரெண்டு பெட்டிதான்" என்றான் கஸ்த்ரியோத். அவன் நீட்டிய தாளில், வாங்க மறுப்பவர்களுக்கு அதுவும் கிடையாது என்று அடியில் எழுதியிருந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். எர்மீராவும் போட்டாள்.

இரண்டு பெட்டிகளையும் அவள் டாக்சி வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். பெத்ரித் சுவரைப் பிடித்து எழுந்து வந்து, ஒன்றைத் திறந்து பார்த்தான். பளபளப்பான குழாய், நீலக் குழல்கள், மூன்று வெள்ளை உருளைகள்.

"ஒண்ணை நம்ம வீட்டுலயே மாட்டிடலாமா?"

"ஆறு மாசத்துக்கு ஒருதடவை இந்த உருளையை மாத்தணும். மாத்தலேன்னா குழாய்த் தண்ணியை விட மோசமாயிடும். உருளையை விக்கிறது அந்தக் கம்பெனி மட்டும்தான்."

"கம்பெனிதான் இல்லையே."

"இல்ல."

அவன் குழல்களைப் பழையபடி சுருட்டி உள்ளே வைத்தான்.

தொழிலாளர் குறைகள் கேட்கும் அலுவலகத்தில் கண்ணாடி போட்ட அம்மாள் ஒருத்தி அவளுடைய தாளை முன்னும் பின்னும் புரட்டினாள். "சம்பளப் பாக்கி தீர்ந்ததுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?"

"பணம் தரல. மெஷின் தந்தாங்க."

"சம்மதிச்சுத்தானே வாங்கினீங்க?"

"இல்லேன்னா அதுவும் கிடையாதுன்னாங்க."

"கம்பெனி இத்தாலியில. இங்க அறையை வாடகைக்கு எடுத்தவன் பேரு வேற. அவனும் இப்ப இல்ல." அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "வக்கீல் வச்சு நடத்தலாம். அதுக்கு ஆகுற செலவுக்கு, பேசாம மெஷினை வித்துக் கையில காசைப் பார்த்துக்கங்க, தங்கச்சி."

பாத்திரக் கடைக்காரர்கள் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். குழாயைத் தட்டிப் பார்த்தார்கள். யாரும் வாங்கவில்லை. கடைசியில் அவள் ஞாயிற்றுக்கிழமை பழைய பொருள்கள் விற்கிற சந்தைக்கு இரண்டு பெட்டிகளையும் தள்ளுவண்டியில் கட்டிக் கொண்டுபோனாள். பழைய செருப்புகள் விற்கிற ஒருவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். துணியை விரித்து, ஒரு மெஷினை வெளியே எடுத்து நிறுத்தினாள்.

வெயில் ஏறியபின் ஒரு பெண் நின்றாள். கையில் தக்காளிப் பை.

"இது என்ன செய்யும்?"

எர்மீராவின் வாயில் பழைய வரிகள் வந்து நின்றன. கம்பி, காப்பி, பேரப்பிள்ளை. அவள் அவற்றைத் தள்ளிவிட்டாள்.

"தண்ணியில இருக்குற உப்பைக் குறைக்கும். வாசனை போகும். உருளை இருக்குற வரைக்கும் ஓடும். அதுக்கப்புறம் உருளை கிடைக்குமான்னு எனக்குத் தெரியாது."

"விக்க வந்தவ பேசுற பேச்சா இது?" அந்தப் பெண் சிரித்தாள். குனிந்து குழாயைத் திருகிப் பார்த்தாள். "சரி, எவ்வளவு?"

பேரம் பேசிப் பேசி விலை பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. அந்தப் பெண் பையைத் தரையில் வைத்துவிட்டுப் பணப்பையைத் திறந்தபோது, நீல மேல்சட்டை போட்ட இளைஞன் ஒருவன் வந்து நின்றான். சந்தை ஆய்வாளன். பின்னால் வெள்ளை வேன்.

"புது மெஷினா அக்கா? கொஞ்சம் பார்க்கலாமா?" மரியாதையாகத்தான் கேட்டான். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அல்பேனிய மொழியில விளக்கம் இல்ல. குடிநீரோட சம்பந்தப்பட்ட சாமானுக்குச் சான்று வேணும், அதையும் காணோம். பெட்டியைத் திறந்து ஒட்டியிருக்கு. இதைப் பொதுமக்களுக்கு விக்கக் கூடாது."

"இது என் சம்பளம், தம்பி."

"புரியலக்கா."

"சம்பளத்துக்குப் பதிலாக் குடுத்தாங்க. நான் வியாபாரி இல்ல."

"அது வேற துறை. எனக்கு, விக்கிறவங்க யாரு, சாமான் என்ன, அவ்வளவுதான்." அவன் உண்மையாகவே வருத்தப்பட்டான் போலிருந்தது. "நாளைக்கு யாராவது குழந்தை இந்தத் தண்ணியைக் குடிச்சு ஏதாவது ஆச்சுன்னா? நுகர்வோரைப் பாதுகாக்கத்தானே எங்களைப் போட்டிருக்காங்க."

தக்காளிப் பைக்காரி பணப்பையை மூடினாள். "நல்ல வேளை வந்தீங்க. ஏமாந்திருப்பேன்" என்று அவனிடம் சொல்லிவிட்டு, எர்மீராவை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துப் போனாள்.

இருவர் வந்து பெட்டிகளை வேனில் ஏற்றினார்கள். ஆய்வாளன் தாள் செருகிய அட்டையை முழங்காலில் வைத்து எழுதினான். அவளுடைய அடையாள அட்டையைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகப் பெயரை எழுதினான். இடையில் பேனா நின்றது.

"பெட்டியில இறக்குமதியாளர் பேரு இல்லையே. யாருக்கா கொண்டுவந்தது?"

"பாரியில இருந்து லாரியில வந்தது."

"அந்த ஆள் பேரு, முகவரி?"

"அந்தக் கம்பெனியே இப்ப இல்ல."

"இந்த இடத்தைக் காலியா விட்டா சிஸ்டம் ஏத்துக்காதுக்கா." அவன் சற்று யோசித்தான். பிறகு எழுதி முடித்து, தாளை அவள் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் விரலை வைத்தான். விற்பனையாளர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. அதற்கு மேலே, இறக்குமதியாளர் என்ற இடத்திலும், அதே வட்டமான, அக்கறையான எழுத்தில், அவள் பெயரே இருந்தது. அபராதத் தொகை மேலே இருக்கிற பெயருக்கு, இறக்குமதியாளருக்குத்தான் வரும் என்று அவன் சொன்னான்.